எல்லைக்கல் தாண்டுற வரைக்கும்

எங்க அப்பாவப் பத்தி நாலு நல்ல வார்த்தை பேசச் சொன்னாங்க. அவர் செத்த மறு தை மாசம், ஊர்க் காவடி கெளம்புற அன்னைக்கு, கோயில் வாசல்ல அவர் போட்டோவுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தாங்க. ஊர்ப் பெரியவங்க என்கிட்ட வந்து, "நீ டவுன்ல ஆஸ்பத்திரியில சோலி பாக்குறவ, நாலு எழுத்துப் படிச்சவ, மூத்த மக வேற. நீ பேசுனாத்தான் பொருத்தமா இருக்கும் தாயி"ன்னாங்க. நானும் சரின்னேன். பேசவும் பேசினேன். அன்னையிலருந்து அந்த ஊர்ல எனக்குப் பச்சத் தண்ணி குடுக்க ஆளில்ல.

என்ன பேசினேன்னு சொல்றதுக்கு முன்னால, அவர் எப்பேர்ப்பட்ட மனுசன்னு சொல்லணும். நல்லதையும் சேத்துத்தான் சொல்லுவேன். பாதிய மறச்சு வச்சுக்கிட்டுத் திட்டுறது எனக்குப் பிடிக்காது. திட்டுனா முழுசாத் தெரிஞ்சு திட்டணும்.

எங்க ஊரு கொடைக்கானல் மலையில, கூக்காலுக்கும் மேல இருக்கு, பூண்டு வெளையிற சின்ன ஊரு. அம்பதுகள்ல அந்தப் பக்கம் பஸ்ஸே கெடையாது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா சோலைக்காட்டுக்குள்ள ஒத்தயடிப் பாதையில ஏறி எறங்கி அரை நாள் நடக்கணும். நடக்க முடியாதவங்களக் கம்பளியில படுக்க வச்சு, மூங்கில் கழியில தொட்டிலாக் கட்டி, ஆள் மாத்தி ஆள் தூக்கிட்டுப் போவாங்க. அதான் டோலி. எங்க ஊர் டோலிக் கழி எங்க வீட்டு எறவாணத்துல சொருகிக் கெடக்கும். "அண்ணே, வலி கண்டுருச்சு"ன்னு எவனாச்சும் வாசல்ல வந்து நின்னாப் போதும், அப்பா சாப்புடுற கையை உதறிட்டு எந்திரிச்சிருவாரு. யாரு, எந்த வீடு, நமக்கும் அவங்களுக்கும் பேச்சு இருக்கா இல்லையா, எதுவும் கேக்க மாட்டாரு. எறக்கத்துல முன்னால தூக்குறவனுக்குத்தான் பாரம் அதிகம். அந்த முன்கழி எப்பவும் அவர் தோள்லதான் இருக்கும். அவர் தோள்ல போனா உசுரோட திரும்பலாம்னு பொம்பளைங்க பேசிக்குவாங்க. சும்மா பேச்சு இல்ல, நெசமாவே திரும்பி வந்தாங்க.

வீட்டுலயும் அப்படித்தான். தைப் பனியில எங்க காலு வெடிச்சு ரத்தம் கசியும். சாயந்தரம் வெந்நி வச்சு, எங்க காலத் தூக்கி அவர் மடியில வச்சுக்கிட்டு வெளக்கெண்ணெய் தேச்சு விடுவாரு. எனக்குத் தல பின்னி விடுவாரு. ஆம்பள உக்காந்து மகளுக்குச் சடை பின்னுறதப் பாத்து ஊரே வாயப் பொத்திச் சிரிக்கும், அவர் கண்டுக்க மாட்டாரு. அம்மா காட்டுல களை எடுத்துட்டு வந்தா, "நீ செத்த உக்காரு"ன்னு சொல்லிட்டு அவரே அடுப்ப ஊதுவாரு. குடிச்சது கெடையாது. கை நீட்டுனது கெடையாது. அம்மா எகத்தாளமாச் சொல்லும், "உங்க அப்பனுக்கு மூணு பொண்டாட்டிடீ. ஒருத்தி நானு, ஒருத்தி டோலி, ஒருத்தி காவடி. அந்தக் காவடிக்காரி சொன்னாத்தான் வீட்டுல எடுபடும்." அப்பா சிரிச்சுக்கிட்டே வெறகு பொளப்பாரு.

அந்தக் காவடிக்காரியப் பத்தித்தான் இப்பப் பேச்சு. வருசா வருசம் தைப்பூசத்துக்கு எங்க ஊர்க் காவடி மலை எறங்கிப் பழனிக்குப் போகும். அப்பாதான் தலைக்காவடி. அவர் முன்னால நடந்தாத்தான் மத்தக் காவடியெல்லாம் பின்னால நடக்கலாம். அவர் நின்னுட்டா அந்த வருசம் ஊருக்கே காவடி இல்ல. மாலை போட்டவர் வீட்டுல சாவோ பிள்ளைப்பேறோ வந்துட்டாத் தீட்டு, மாலையக் கழட்டிரணும். தூரமான பொம்பள காவடியத் தொட்டுட்டாலும் அப்படித்தான். ஆனா காவடி ஊர் எல்லைக்கல்லத் தாண்டிருச்சுன்னா அதுக்கப்புறம் எந்தத் தீட்டும் ஒட்டாது. தாண்டுன ஆளும் பழனி மலைய மிதிக்கிற வரைக்கும் திரும்பக் கூடாது. இது போதாதுன்னு அப்பா வாய்ப்பூட்டு வேற போட்டுக்குவாரு. வெள்ளத் துணிய வாய்மேல இறுக்கிக் கட்டிக்கிட்டு, காவடிய எறக்குற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம நடக்குறது. அது அவர் தனியா வச்சிருந்த நேத்திக்கடன்.

எனக்குப் பதிமூணு வயசு இருக்கும், தம்பி அரை டவுசர் போட்டுத் திரிஞ்ச காலம். அம்மாவுக்கு நெறமாசம். "வீட்டுல இப்படி இருக்கே, இந்த ஒரு வருசம் வேற ஆள முன்னால விடேம்ப்பா"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் பாத்தாரு. அப்பா அம்மா மொகத்தப் பாத்தாரு. "பூசம் கழிஞ்சுதான் ஆகும், நாள் கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க"ன்னு அம்மா சொல்லுச்சு. "முருகன் பாத்துக்குவான்"னு சொல்லிட்டு அப்பா மாலையப் போட்டுக்கிட்டாரு. ஏன், நம்ம பாத்தா ஆகாதா? இத யாரும் அன்னைக்குக் கேக்கல, எனக்கும் கேக்கத் தெரியல.

கெளம்புற அன்னைக்கு வெள்ளனே எந்திரிச்சேன். பூண்டுத் தாள் மேல பனி உப்பு மாதிரி ஒறஞ்சு கெடக்கு. அம்மா அடுப்புக்கு முன்னால மண்டி போட்டுக்கிட்டு, வாயில முந்தானையக் கவ்விக்கிட்டு இருந்துச்சு. "வலிக்குதாம்மா?"ன்னு கேட்டேன். என் தாடையப் புடிச்சு நசுக்கி, "வாயத் தொறந்த, சூடு வச்சிருவேன். காவடி கல்லு தாண்டட்டும்"னுச்சு. அம்மா என்னைய அப்படிப் புடிச்சதே இல்ல.

அப்புறம் மொகம் கழுவி, பொட்டு வச்சு, ஆரத்தித் தட்டோட வாசப்படியில வந்து நின்னுச்சு. ஒரு கையில தட்டு, இன்னொரு கை நெலைய இறுக்கிப் புடிச்சிருக்கு. அப்பா காவடியோட வந்து தலையக் குனிஞ்சாரு. அம்மா திருநீறு பூசுச்சு. கை நடுங்குனதப் பாத்துட்டு, தோள்ல கெடந்த துண்ட எடுத்து அம்மா மேல போத்தி விட்டாரு. பாவி மனுசன், குளுருதுன்னு நெனச்சுக்கிட்டாரு.

கொட்டுச் சத்தம் எல்லைக்கல்லத் தாண்டுனதும் அம்மா தட்டக் கீழ விட்டுட்டு உக்காந்துருச்சு. எங்க ஊர்ல பிள்ளை பெறுறதுக்கும் மாசாமாசம் தூரமான நாளுக்கும் ஊருக்கு வெளிய ஒரு குடிசை உண்டு, முட்டு வீடும்பாங்க. அங்க அதுவா நடந்து போச்சு. மருத்துவச்சி வந்து பாத்தா, பாத்த மாத்திரத்துல மொகம் செத்துப்போச்சு. "பிள்ளை குறுக்க கெடக்கு. கை மட்டும் வெளிய வந்துருச்சு. இது என்னால ஆகாது. வெரசா டவுனுக்குத் தூக்குனா ஒருவேளை பொழப்பா"ன்னா.

தூக்க யாரு இருக்கா? தோள் வலுவுள்ள ஆம்பள பூராம் காவடியோட போயிட்டான். ஊர்ல மிச்சம் இருந்தது பொம்பளைங்களும் இருமுற கெழங்களும் கைப்பிள்ளைகளும்தான், அரை நாள் மலைப்பாதையில தூக்க அவங்களால ஆகாது. டோலிக் கழி எங்க வீட்டு எறவாணத்துல சும்மா கெடக்கு. ஊர்ப் பொம்பளைங்க அத்தன பேரையும் சொமந்த கழி. அம்மா என்னையப் பக்கத்துல கூப்பிட்டுச்சு. மூச்சு வாங்கிக்கிட்டுச் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்றேன். "உங்க அப்பா வர வேணாம். அவர் போகட்டும். நாலு பேர மட்டும் திருப்பி அனுப்பச் சொல்லு."

ஓடினேன். சோலைக்குள்ள வேர் தடுக்கி விழுந்து, முழங்கால் பேந்து, எந்திரிச்சு ஓடினேன். சோலை முடிஞ்சு பாதை சரிவுல எறங்குற எடத்துல, கீழ வெயில்ல பழனி மலை சின்னதாத் தெரியும். முதல் கும்பிடு போட அங்கதான் எல்லாரும் நிப்பாங்க. அங்க வச்சு அப்பா காலக் கட்டிப் புடிச்சேன். அம்மா சொன்னதச் சொன்னேன். கை வெளிய வந்துருச்சுன்னு சொன்னேன். கொட்டு நின்னுபோச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு, தனக்குக் கேக்கலைன்னு எவனும் சொல்ல முடியாது.

எங்களுக்கு மாமா முறை ஆகுற ஒருத்தர் முன்னால வந்தாரு. "தலைக்காவடி ஒரு வார்த்தை சொல்லட்டும், நாங்க நாலு பேரு திரும்புறோம். தெய்வக் குத்தம் வந்தா எங்களுக்கு வரட்டும்"னாரு. "துணிய அவுக்கக் கூட வேணாம்ப்பா. தலைய ஆட்டு, போதும்"னாரு மாமா. கெஞ்சுனாருய்யா அந்த மனுசன். அடுத்தவன் பொண்டாட்டிக்காக அவர் கெஞ்சுறாரு, கட்டுனவர் நிக்கிறாரு.

அப்பா கண்ணுல தண்ணி வழிஞ்சு வாய்த்துணி நனைஞ்சுபோச்சு. காவடியப் புடிக்காத கை மேல வந்துச்சு. துணிய அவுக்கப் போறாருன்னு நெனச்சேன். அந்தக் கை என் தலைக்கு வந்துச்சு. முந்தின நாள் அவரே பின்னி விட்ட சடைய ஒரு தடவு தடவுச்சு. அப்புறம் திரும்பி, பழனியப் பாத்து நடந்துட்டாரு.

"அரோகரா"ன்னு எவனோ கத்துனான். கொட்டு மறுபடி அதிர்ந்துச்சு. மாமாவும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பின்னாலயே போயிட்டாரு. அப்பான்னு பாக்காம வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். கொட்டுக்காரன் என்னையத் தூக்கிப் பாதையோரம் உக்கார வச்சுட்டு ஓடிப்போய்க் கூட்டத்துல சேந்துக்கிட்டான்.

திரும்பி வந்தப்போ அம்மாவுக்கு உசுரு இருந்துச்சு. "வாராங்களா?"ன்னு கேட்டுச்சு. "வாராங்கம்மா, பின்னாலயே வாராங்க"ன்னேன். "அவரு துணிய அவுத்தாரா?" "அவுத்தாரும்மா. பதறிப்போய் அவுத்தாரு." வேற என்ன சொல்ல? அதக் கேட்டு அம்மா சந்தோசப்படும்னு நெனச்சேன். அம்மா அழுதுச்சு. "ஐயையோ, என்னால அவரு காவடி கெட்டுப்போச்சே. ஊரு என்ன சொல்லும்"னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு, பொழுது சாயுறதுக்கு முன்னால போயிருச்சு. பிள்ளையும் உள்ளயே போயிருச்சு. கெழங்களும் பொம்பளைங்களுமாத் தூக்கிட்டுப் போய் அடக்கம் பண்ணுனாங்க.

அப்பா திரும்பி வந்தப்போ கையில பஞ்சாமிர்த டப்பா, அம்மாவுக்குப் பச்சக் கண்ணாடி வளையல். முட்டு வீட்டு வாசல்ல ரெண்டு நாளு உக்காந்தே கெடந்தாரு, தண்ணி கூடக் குடிக்கல. மூணாம் நாளு காலையில எந்திரிச்சு, வெந்நி வச்சு, "வா தாயி, சடை பின்னி விடுறேன்"னாரு. போனேன். வேற யாரு இருக்கா எனக்கு? அந்தக் கை நல்ல கைதான். அதுதான் என் வயித்தெரிச்சல். கெட்டவரா இருந்திருந்தா வெறுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

வேற கல்யாணம் கட்டல. எங்க ரெண்டு பேரையும் கண்ணுக்குள்ள வச்சு வளத்தாரு. அந்த நாளப் பத்தி மட்டும் சாகுற வரைக்கும் மூச்சு விடல. அவர் விடாட்டி என்ன, ஊரு விட்டுச்சு. பொண்டாட்டி சாகக் கெடந்தப்பவும் காவடிய எறக்காத மகான்னு மலையெல்லாம் பேச்சு. வில்பட்டியிலருந்தெல்லாம் பிள்ளைகளத் தூக்கிட்டு வந்து அவர் கையால திருநீறு பூசிட்டுப் போனாங்க. அந்தப் பேச்சுல எங்க அம்மா சாகக் கெடந்தவ, அவ்வளவுதான். நாலு பேரக் கேட்டு ஆள் அனுப்புனா, அத எவனும் சொல்றதில்ல.

வயசு வந்ததும் டவுனுக்குப் போய் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டு ஆயாவாச் சேந்துட்டேன். அப்பா டோலிய விடல. முன்ன விட வெறியாத் தூக்குனாரு. வார்டு வாசல்ல எறக்கிட்டு என் மொகத்தப் பாக்காம, "பாத்துக்க தாயி"ன்னு சொல்லிட்டுத் தள்ளிப் போய் நிப்பாரு. கடைசியா ஒரு மழை நாளு, உருளக்கெழங்குக் காட்டுக் கூலிக்காரி ஒருத்தியத் தூக்கிட்டு வந்தாரு. எறக்கி வச்சாரு, சொல்ல வேண்டியதச் சொன்னாரு. நான் உள்ள போய் டாக்டரம்மா கூட நின்னு அந்தப் பிள்ளைய வாங்கிட்டு வெளிய வந்தா, வராண்டாவுல செவுத்துல சாஞ்சபடி செத்துக் கெடந்தாரு. தோள்ல கழி அழுத்துன தடம் செவசெவன்னு இருந்துச்சு. தாயும் பிள்ளையும் நல்லாருந்தாங்க. அன்னைக்கு நான் அழுதேன், இல்லைங்கல.

இப்பப் போட்டோவுக்கு வருவோம். தம்பிதான் அந்த வருசம் தலைக்காவடி. அப்பா காவடி, அப்பா வாய்த்துணி. நான் கூட்டத்துக்கு முன்னால நின்னு, உங்ககிட்டச் சொன்னதையே சொன்னேன். அம்மா நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னதச் சொன்னேன். மாமா கெஞ்சுனதச் சொன்னேன், அந்த மாமாவே முன்வரிசையில நின்னாரு. தலைய ஆட்டியிருந்தாப் போதும், எங்க அம்மா இன்னைக்கு இருந்திருக்கும்னு கத்தியே சொன்னேன். போட்டோவுல கெடக்குற மாலைய உருவி வீசுவாங்கன்னு நெனச்சேன். குறைஞ்சது தலையாவது குனிவாங்கன்னு நெனச்சேன். ஆனா ஒரு கெழவர் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, "என்னா பக்திடா சாமி! அரோகரா!"ன்னாரு. பொம்பளைங்க குலவை போட்டாங்க. மூக்கச் சிந்திக்கிட்டே போட்டோவத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. மாமாவும் ஒத்திக்கிட்டாரு. சொவத்துல முட்டுனா சொவருக்காவது வலிக்குமோ என்னமோ, இவங்களுக்கு ஒன்னும் ஆகல.

ச்சீன்னு திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தேன். வாசப்படியில தம்பி பொண்டாட்டி ஆரத்தித் தட்டோட நிக்கிறா. அவளுக்கும் மாசம்தான், ஆனா இன்னும் நாள் இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. மொகமெல்லாம் வேர்வை. தைப் பனியில வேர்வை. ஒரு கை நெலையப் புடிச்சிருக்கு. என் வேலையே அதான, பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. வயித்துல கைய வச்சேன், கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. "எப்பருந்துடீ?"ன்னேன்.

"கத்தாதீங்க மதினி"ன்னா. கண்ணு மின்னுது அவளுக்கு. "காவடி கல்லு தாண்டட்டும். இப்ப நீங்க சொன்னீங்கல்ல, அத்தை எப்படி நின்னாங்கன்னு. கேட்டதுமே எனக்கு ஒரு தைரியம் வந்துருச்சு. நானும் நிப்பேன்."

ஊரையே சுட்டுப்புடுற மாதிரி பேசிட்டேன்னு நெனச்சேன். நான் பேசுனது இவளச் சாகச் சொல்லிக் குடுத்திருக்கு.

கூட்டத்துக்குள்ள ஓடி, "வலி கண்டுருச்சு, டோலிய எடுங்க"ன்னு கத்தினேன். பெரியவர் ஒருத்தர் என்ன சொன்னாருன்னு நெனைக்கிறீங்க? "பொறந்தாத்தானம்மா தீட்டு? வலிக்கு என்ன தீட்டு? எடுங்கப்பா, வெரசாக் கல்லத் தாண்டிருவோம்"னாரு. தம்பி என்னையப் பாத்தான். வாயில துணி. அதே மாதிரி கண்ணுல தண்ணி. அப்புறம் எல்லைக்கல்லப் பாத்துத் திரும்பிட்டான்.

நான் அவன் முன்னால போய் நின்னேன். "எனக்கு இன்னைக்குத் தூரம்"னு ஊரே கேக்கச் சொல்லிட்டு, ரெண்டு கையாலயும் காவடியப் புடிச்சுக் கீழ இழுத்தேன். மயில்தோகை மண்ணுல விழுந்துச்சு. கோயில் வாசல்ல, அப்பா போட்டோ முன்னால. தூரமெல்லாம் இல்ல, பச்சப் பொய். ஆனா அதச் சோதிச்சுப் பாக்க எவனுக்கு வாய் வரும்? "காவடி போச்சுல்ல? இப்ப உங்க தோளெல்லாம் சும்மாதான இருக்கு? தூக்குங்கடா டோலிய!"ன்னேன்.

அடிக்க வந்தாங்க. ஒருத்தி என் மூஞ்சியில துப்புனா. ஆனா நின்னுபோன காவடிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்ல பாருங்க, மாமாதான் முதல்ல போய் எறவாணத்துக் கழிய உருவுனாரு. முன்கழிக்குத் தம்பி நின்னான். வாய்த்துணிய அவுத்துட்டு வழி நெடுக என்னையத் திட்டிக்கிட்டே தூக்கினான். பிள்ளை காலு முன்னால வந்துச்சு. டாக்டரம்மா ரொம்ப நேரம் போராடி எடுத்தாங்க. ஆம்பளப் பிள்ளை. தாய்க்கும் ஒன்னும் ஆகல.

அதோட எனக்கும் அந்த வீட்டுக்கும் அத்துப்போச்சு. பிள்ளை பொழச்சது முருகன் கிருபையாம். காவடி நின்னது நான் பண்ணுன பாவமாம். இதத் தம்பி சொன்னாத் தாங்கியிருப்பேன். ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது அவன் பொண்டாட்டிதான்.

மறு வருசம் பிள்ளைக்கு அம்மை குத்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தா. நான் வராண்டாவத் தொடச்சுக்கிட்டு இருந்தேன், அப்பா சாஞ்சு கெடந்த அதே எடம். பிள்ளை எறங்கி என்னையப் பாத்துத் தத்தித் தத்தி வந்துச்சு. "ஏலே, அங்க போகாத"ன்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டா. எங்க அப்பா பேரு. பிள்ளை நின்னு என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு. அவ ஓடி வந்து வெடுக்குனு தூக்கி, என் கண்ணு படாம அது மொகத்த முந்தானையால மூடிக்கிட்டுப் போயிட்டா.